சாக்ஸ் போடக் கற்றுக்கொடுத்த கோச்



கிரிக்கெட்டைப் பற்றி எழுத நம்மில் நிறைய பேர் இருக்காங்க. நான் கொஞ்சம் கூடைப்பந்து பக்கம் போகிறேன். அமெரிக்காவில் ஜான் வுடன் என்று ஒருவர் வாழ்ந்தார். கல்லூரி மாணவராக இருந்தபோது நாடறிந்த ஆட்டக்காரர். பிறகு கோச்சாக அதைவிடப் பல மடங்கு பெயர் வாங்கினார். அவர் கதையில் நம்ம சிவில் பிரிவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது!

வுடன் 1910-ல் இண்டியானா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் அவர் வளர்ந்த வீட்டில் கரண்ட் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. அப்பா ஒரு தக்காளிக் கூடையின் அடிப்பாகத்தை எடுத்துவிட்டு வைக்கோல் கொட்டகையில் ஆணியடித்து மாட்டினார். அம்மா பழைய காலுறைக்குள் கந்தல் துணியைத் திணித்துப் பந்து தைத்துக் கொடுத்தார். அதுதான் அவருடைய முதல் கோர்ட். தடுப்பு மருந்து கோளாறால் வளர்த்த பன்றிகள் செத்துப்போக, கடனில் நிலமும் கையை விட்டுப் போனது. குடும்பம் மார்ட்டின்ஸ்வில் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊர்ப் பள்ளி 1927-ல் மாநில சாம்பியன் ஆனபோது அணியில் வுடன் இருந்தார்.

அடுத்து பர்டியூ பல்கலைக்கழகம். சிவில் இன்ஜினியர் ஆகணும் என்றுதான் அங்கே போனார். ஆனால் சிவில் மாணவர்கள் கோடை விடுமுறையில் கட்டாயம் கேம்ப் போக வேண்டும் என்று சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. கோடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தால்தான் அவரால் அடுத்த வருஷம் படிக்க முடியும். கேம்ப் போனால் காசு இல்லை, காசு இல்லாவிட்டால் படிப்பு இல்லை. சிவிலை விட்டுவிட்டு ஆங்கில இலக்கியத்துக்கு மாறிக்கொண்டார். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். லீவு விட்டா சென்ட்ரிங் வேலைக்குப் போறவன். நம்ம சர்வே கேம்ப்புக்குப் பணம் புரட்ட வீட்டில் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் அவர் வாழ்க்கையில் இந்த இடத்தை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

உயரம் 5 அடி 10 அங்குலம்தான். ஆனால் பந்துக்காகத் தரையில் விழுந்து புரண்டு அதே வேகத்தில் எழுந்து நிற்பாராம். ரப்பர் மனிதன் என்றே பட்டப்பெயர்! 1930, 31, 32 என மூன்று வருஷமும் அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானார். 1932-ல் பள்ளிக்காலத் தோழி நெல்லைக் கைப்பிடித்தார். கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் சேமிப்பைப் போட்டு வைத்திருந்த வங்கி திவாலாகியிருந்தது. உடனே வேலை தேவை. கென்டக்கியில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலையும் கோச் வேலையும் சேர்ந்து கிடைத்தது. முதல் வருஷம் அவர் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்! வார இறுதிகளில் சம்பளத்துக்கு ஆடவும் போனார். அந்த ஆட்டங்களில் தொடர்ந்து 134 ஃப்ரீ த்ரோக்களைத் தவறாமல் போட்டார்.

உலகப் போரில் கடற்படை சேவை முடிந்து, 1946-ல் இண்டியானா ஸ்டேட் கல்லூரிக்குக் கோச்சாக வந்தார். அடுத்த வருஷமே தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. ஆனால் கறுப்பின மாணவர்கள் அதில் ஆடக்கூடாது என்று விதி. அவர் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். 1948-ல் தடை நீங்கியது, வாக்கர் ஆடினார், அணி இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. அவர் பின்னால் வாங்கிய கோப்பைகளைவிட அந்தத் தோல்வியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதே 1948-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யு.சி.எல்.ஏ.வுக்குப் போனார். அங்கே இருந்த நிலைமையைக் கேளுங்கள். பழைய ஜிம்மில் ஒரு பக்கம் மல்யுத்தம், இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் இவருடைய பயிற்சி. தரையைக் கூட்டித் துடைப்பதையும் அவரே செய்தார். அந்த ஜிம் கூட்டத்துக்குப் பாதுகாப்பில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட, 1950-களின் நடுவிலிருந்து பல வருஷம் சொந்த ஊர் ஆட்டங்களையும் வெளியே வேறு அரங்குகளில் ஆட வேண்டியிருந்தது. முதல் 15 சீசன்களில் தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. 1962-ல் அரையிறுதியில் இரண்டே புள்ளியில் போச்சு! நம்ம ஊராக இருந்தால் நாலாவது வருஷமே ஆளை மாற்றியிருப்பார்கள்.

அவர் பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருந்தார். பயிற்சியின் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் என்ன வேலை என்று சின்ன அட்டையில் எழுதிக்கொண்டு வருவார். வருஷத்தின் முதல் பாடம் சாக்ஸ் போடுவது! விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, அப்புறம் ஷூ லேஸை இழுத்துக் கட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது. அவ்வளவுதான் விஷயம். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த ஏழடி மனிதரும் மாணவராக வந்தபோது இந்தப் பாடத்தைப் படித்தார்.

உதவிக் கோச் ஜெர்ரி நார்மன், கோர்ட் முழுவதும் எதிரணியை நெருக்கிப் பிடிக்கும் முறையை வற்புறுத்தினார். வுடன் ஒப்புக்கொண்டார். 1964-ல் ஆடிய 30 ஆட்டமும் வெற்றி, முதல் பட்டம். அப்புறம் மடை திறந்த மாதிரிதான். 12 வருஷத்தில் 10 பட்டம், அதில் 1967 முதல் 1973 வரை தொடர்ச்சியாக ஏழு. 1971-ல் தொடங்கிய 88 தொடர் வெற்றிகள் 1974 ஜனவரியில் நோட்டர்டேம் அணியிடம் 71-70 என்று ஒரே புள்ளியில் முடிந்தன. ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் அந்த 88-ஐ இன்னும் யாரும் தாண்டவில்லை.

ஒரு குறையும் உண்டு. ஒரு கட்டட காண்டிராக்டர் விதியை மீறி மாணவர்களுக்குச் சலுகைகள் செய்து வந்தார். 1981-ல் யு.சி.எல்.ஏ. தண்டிக்கப்பட்டது. அப்போது வுடன் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியிருந்தது, அவர் மேல் குற்றம் சாட்டப்படவில்லை. ஆனாலும் சாக்ஸ் சுருக்கம் வரை பார்த்தவர் இதையும் கொஞ்சம் விசாரித்திருக்கலாமே என்று எனக்குத் தோணுது.

1975-ல் கடைசிப் பட்டத்தோடு விலகினார். ஆட்டக்காரராக 1960-லும், கோச்சாக 1973-லும் கூடைப்பந்துப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார். இரண்டு வகையிலும் இடம்பெற்ற முதல் ஆள் அவர்தான்.

1985-ல் மார்ச் 21 அன்று நெல் இறந்துபோனார். அதன்பின் மாதம் தவறாமல் 21-ம் தேதி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, அவருடைய தலையணை மேல் வைத்து வந்தார். 2003-ல் யு.சி.எல்.ஏ. கோர்ட்டுக்கு அவர் பெயரை வைக்க முடிவானபோது, மனைவி பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நெல் - ஜான் வுடன் கோர்ட் என்றே பெயர் வைத்தார்கள். 2010 ஜூன் 4-ல், நூறு வயதாக நாலு மாதம் இருக்கும்போது, அவர் காலமானார்.