ஜேம்ஸ் ஹட்டன்

1726-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரிற் பிறந்த ஜேம்ஸ் ஹட்டன் வைத்தியப் பட்டம் பெற்றும் உழவையே மேற்கொண்டார். வயல்மண் மழையிற் கரைந்து கடல்சேரக் கண்டு, புதுநிலம் எங்ஙனம் தோன்றுமென ஆராயலானார். கிரானைட்டுப் பாறையும் ஆதிக்கடலிற் படிந்ததே என்றனர் அக்கால அறிஞர் பலர். பூமியினுள் உருகிய குழம்பு மேலெழுந்து ஆறியதே அஃது என்பது ஹட்டனின் துணிபு. 1785-இல் ஸ்காட்லாந்தின் டில்ட் பள்ளத்தாக்கில், செந்நிறக் கிரானைட்டு பழம்பாறையைப் பிளந்து நரம்புகளாய் ஊடுருவியிருக்கக் கண்டு ஆர்ப்பரித்தார். வழிகாட்டிகள் பொன்னோ வெள்ளியோ அகப்பட்டதென எண்ணினராம். உருகாத பொருள் இங்ஙனம் புகுதல் இயலுமோ?

இத்துணை நுணுகி நோக்கியவர் உலைச்சோதனையை விரும்பாமை நமக்கு வியப்பே. அவர்பால் வைத்த மதிப்பாற் பொறுத்திருந்த நண்பர் ஸர் ஜேம்ஸ் ஹால், 1797-இல் ஹட்டன் மறைந்த பின்னர் எரிமலைக் கல்லை உலையில் உருக்கினார். விரைந்து ஆறியது கண்ணாடியாயிற்று. மெல்ல ஆறியது மீண்டும் கல்லாயிற்று.