கடதாசிக்குக் குளிரூட்டிய வில்லிஸ் கரியர்

மாணவர்களே, வளிச்சீராக்கி முதலில் எதற்காக அமைக்கப்பட்டது எனக் கேட்டால், மனிதருக்குக் குளிர்ச்சி தரவே என்று எழுதுவீர்கள். உண்மையில் அது கடதாசிக்காக அமைக்கப்பட்டது.

வில்லிஸ் கரியர் 1876 நவம்பர் 26 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள அங்கோலா என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதில் பின்னங்கள் அவருக்கு விளங்கவில்லை. தாயார் அப்பிள் பழங்களைத் துண்டுதுண்டாக வெட்டிக் காட்டி விளங்கவைத்தார். 11 வயதில் அந்தத் தாயை இழந்தார். புலமைப்பரிசில் பெற்றுக் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், 1901 இல் பவலோ நகரில் விசிறிகளும் வெப்பமாக்கிகளும் செய்யும் கம்பனியொன்றில் பொறியியலாளராகச் சேர்ந்தார்.

மறுவருடமே புரூக்லினிலுள்ள அச்சகமொன்றின் முறைப்பாடு அவரிடம் வந்தது. நிறப்படம் அச்சிட, ஒரே தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை அச்சியந்திரத்தினூடு செல்லவேண்டும். ஈரமான நாளில் தாள் விரிந்தது. உலர்ந்த நாளில் சுருங்கியது. நிறங்கள் இடம்மாறி விழுந்தமையால் தாள்கள் வீணாகின. 25 வயதான கரியர், குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேலாக வளியைச் செலுத்தும் தொகுதியொன்றை வரைந்தார். வரைபடத்தின் திகதி 1902 யூலை 17. வருடம் முழுவதும் சாரீரப்பதனை 55 சதவீதத்தில் வைத்திருப்பதே நோக்கம்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளும். 10 பாகையில் 9 கிராம் அளவே கொள்ளும். எனவே வளியைக் குளிர்த்தினால் முதலில் சாரீரப்பதன் கூடுகிறது! பனிபடுநிலைக்குக் கீழே சென்றால்தான் நீர் ஒடுங்கி வெளியேறும். ஐஸ் இட்ட குவளையின் வெளிப்புறத்தில் துளிகள் தோன்றுவதும் இதனாலேயே. (பலர் இங்கேதான் புள்ளிகளை இழக்கின்றனர்.)

ஆனால் வெளிவளி தினமும் ஒரேமாதிரி இருப்பதில்லையே. அகற்றவேண்டிய நீரும் நாளுக்கு நாள் மாறும். 1902 இன் பிற்பகுதியில் ஒருநாள், பிற்ஸ்பேர்க் புகையிரத நிலைய மேடையில் மூடுபனிக்கிடையே நின்றபோது கரியருக்கு விடை கிடைத்தது. மூடுபனி என்பது நிரம்பிய வளி. நிரம்பிய வளியின் வெப்பநிலை தெரிந்தால், அதிலுள்ள நீராவியின் அளவும் தெரியும். ஆகவே குளிர்நீரைத் தூவி அதனூடாக வளியைச் செலுத்தினால், மேலதிக நீராவி அத்துளிகளிலேயே ஒடுங்கிவிடும். பின்னர் வளியைச் சற்றுச் சூடாக்கினால் போதும். 10 பாகையில் நிரம்பிய வளியை 20 பாகைக்குக் கொண்டுவந்தால் சாரீரப்பதன் பாதியளவுக்கு இறங்கும். தூவும் நீரின் வெப்பநிலையை மாற்றி எந்தக் காலநிலைக்கும் ஈடுகொடுக்கலாம். நீரைத் தூவி வளியை உலர்த்துவது விந்தையல்லவா? இதற்கு 1906 இல் ஆக்கவுரிமை கிடைத்தது. 1911 இல் வளி, ஈரப்பதன் பற்றிய தமது சூத்திரங்களைப் பொறியியலாளர் சங்கத்தில் சமர்ப்பித்தார்.

போர்க்காலத்தில் கம்பனி அவருடைய பிரிவை மூடத் தீர்மானித்தது. கரியரும் ஆறு நண்பர்களும் 32,600 டொலர் திரட்டி 1915 இல் சொந்த நிறுவனம் தொடங்கினர். 1922 இல் அவரது மையநீக்கக் குளிராக்கி வெளிவந்தது. 1925 இல் நியூயோர்க் ரிவோலி திரையரங்கு அதைப் பொருத்தியது. அங்கே சிக்கல் வேறு: மண்டபம் நிறைய நிறைய, ஒவ்வொருவர் உடலும் வெப்பத்தையும் நீராவியையும் வெளிவிடும்.

ஒரு குறிப்பு: வளிச்சீராக்கல் என்ற பெயரை இட்டவர் கரியர் அல்லர், 1906 இல் அதைப் பயன்படுத்தியவர் நெசவாலைப் பொறியியலாளர் ஸ்ருவர்ட் கிராமர். கரியர் 1950 ஒக்டோபர் 7 இல் காலமானார்.