நொடிகளை எண்ணிய மரியா மிட்செல்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நாண்டக்கெட் ஒரு சிறு தீவு. திமிங்கில வேட்டைக்குச் செல்லும் கப்பல்களே அக்காலத்தில் அத்தீவு மக்களுக்குச் சோறு போட்டன. நடுக்கடலில் வழி அறிய மாலுமிகள் விண்மீன்களையும் துல்லியமான கடிகாரத்தையுமே நம்பியிருந்தனர். ஆகவே, வானத்தைப் படிப்பது அங்கே பொழுதுபோக்கு அன்று. பிழைப்புக்கு வேண்டிய கல்வி. அத்தீவில் 1818-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாள், பத்துக் குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் மரியா மிட்செல் பிறந்தார். தந்தை வில்லியம் மிட்செல், கப்பல் கடிகாரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பவர். குவேக்கர் சபையினரான அவர், ஆண் பிள்ளைக்கு ஒரு படிப்பு, பெண் பிள்ளைக்கு ஒரு படிப்பு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

1831 பிப்ரவரி 12 அன்று நாண்டக்கெட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. சந்திரன் நடுவில் மறைக்க, சூரியனின் விளிம்பு மட்டும் வளையல் போல் ஒளிர்வதே கங்கண கிரகணம். தந்தை தொலைநோக்கியின் முன் அமர்ந்தார். பன்னிரண்டு வயது மரியா கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நொடியாக எண்ணினார். எண்ணிக்கை தவறினால் கணக்கு முழுவதும் தவறிவிடும். அந்நொடிகளைக் கொண்டே தம் வீடு அமைந்த இடத்தின் தீர்க்கரேகையைத் தந்தை கணித்தார். சிறுமியிடம் ஒப்படைக்கப்பட்டது விளையாட்டு வேலை அன்று, மெய்யான வேலை என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

1836 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மரியா தீவின் நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். பகலில் நூல்கள், இரவில் விண்மீன்கள். 1847 அக்டோபர் முதல் நாள் இரவு, தந்தை பணியாற்றிய வங்கிக் கட்டடத்தின் கூரையிலிருந்து, அதுவரை எவரும் அறிவிக்காத வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1848-இல் அமெரிக்கக் கலை அறிவியல் கழகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே. பின்னர், மாலுமிகளுக்கான பஞ்சாங்கத்துக்காக வெள்ளிக் கிரகத்தின் நிலைகளைப் பல ஆண்டுகள் கணக்கிட்டுத் தந்தார்.

1858-இல் அவர் உரோமை நகரம் சென்றார். அங்கே இயேசு சபையின் கல்லூரியில் அருட்தந்தை ஆஞ்சலோ செக்கி புகழ்பெற்ற வான ஆய்வுக்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். பெண்கள் அதனுள் செல்லும் வழக்கம் இல்லை. மரியா விடாமல் முயன்று, திருச்சபையின் சிறப்பு அனுமதியைப் பெற்றார். அருட்தந்தை அவரை அன்புடன் வரவேற்றுக் கருவிகளைக் காட்டினார். ஆயினும் அந்த அனுமதி பகற்பொழுதுக்கு மட்டுமே. விண்மீன்கள் தோன்றுமுன் அவர் வெளியேற வேண்டியதாயிற்று!

1865-இல் நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கென வாசர் கல்லூரி தொடங்கியபோது, மரியா அதன் வானியல் பேராசிரியை ஆனார். ஆண் பேராசிரியர்களைவிடத் தமக்கு ஊதியம் குறைவு என்றறிந்ததும் நிருவாகத்திடம் நேரில் கேட்டு உயர்வு பெற்றார். மதிப்பெண் போடுவது அவருக்குப் பிடிக்காது. தாமே கண்டு, தாமே கணக்கிட்டு அறிய வேண்டும் என்பதே அவர் மாணவியருக்கு வகுத்த நெறி. 1869-இல் அயோவா மாநிலத்துக்கும் 1878-இல் டென்வர் நகருக்கும் மாணவியரை அழைத்துச் சென்று முழுச் சூரிய கிரகணங்களை ஆராயச் செய்தார்.

1885 மார்ச் 16 அன்று வாசர் கல்லூரியில் சூரியன் பாதியளவே மறைந்தது. காண்போருக்கு அது சாதாரணப் பகுதிக் கிரகணம். மரியாவுக்கோ அது பழைய நண்பர். சிறுமியாக இருந்தபோது கண்ட அதே கிரகணத்தின் மறுவருகை! அது எவ்வாறு?

223 அமாவாசைகள் கழிந்ததும், அதாவது ஏறத்தாழ 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்தில், சூரியனும் சந்திரனும் பூமியும் முன்பிருந்த அமைப்புக்கே அநேகமாகத் திரும்புகின்றன. அதே போன்ற கிரகணம் மீண்டும் நிகழ்கிறது. பண்டைய பாபிலோனியர் அறிந்திருந்த இக்கணக்கை இன்று சாரோஸ் சுழற்சி என்கிறோம். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், கிரகணம் வேறொரு பகுதியில் தெரியும். 1849-லும் 1867-லும் அவ்வாறே ஆயிற்று. மூன்று சுற்றுகள் முடிந்து, 54 ஆண்டும் ஏறத்தாழ ஒரு மாதமும் சென்றபின், அது மீண்டும் அமெரிக்கப் பக்கம் வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் பாதை சற்றே வடக்கே நகர்ந்துவிட்டது. அதனால்தான் வாசர் கல்லூரியில் வளையல் தெரியவில்லை.

அன்றும் நொடிகளை எண்ணியவர் மரியாதான். முன்பு தந்தைக்காக எண்ணினார். இப்போது, அறுபத்தாறாம் வயதில், தம் மாணவியருக்காக எண்ணினார்.

1889 ஜூன் 28 அன்று அவர் மறைந்தார். சந்திரனிலுள்ள பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவர் கண்ட கிரகணத்தின் சந்ததியோ தொடர்கிறது. மேன்மேலும் வடக்கே நகர்ந்து, 2011 ஜூன் 1 அன்று வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் வெறும் பகுதிக் கிரகணமாகத் தெரிந்தது. அடுத்து வருவது 2029 ஜூன் 12 அன்று.

அன்பு மாணவியரே, வானம் தன் தவணையைத் தவறவிடுவதில்லை. அது வரும்போது தொலைநோக்கியின் முன் அமரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாமல் போகலாம். ஆனால், நமக்கெனத் தரப்பட்ட நொடிகளைப் பிழையின்றி எண்ணுவது நம் கையில்தான் இருக்கிறது. பின்னாளில் நாம் கற்பிக்கும் பிள்ளைகளுக்காகவும் அவ்வாறே எண்ணுவோமாக!