முத்தைக் கண்ட வணிகர்

பொருள் ஈட்ட வழியறியாதவன் பொருளைத் துறப்பதில் பெரும் வியப்பில்லை. வணிகம் செழித்து, வரவு பெருகி நிற்கும் வேளையில், இதனால் உள்ளம் நிறையவில்லை என்று உணர்ந்து அதை விட்டு விலகுவதே அரிது. விலைமதிப்பற்ற முத்து ஒன்றைக் கண்ட வணிகன், தனக்குள்ள அனைத்தையும் விற்று அதனை வாங்கிய உவமையை இயேசுநாதர் கூறியுள்ளார். அந்த உவமையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய இந்தியர் ஒருவர் உண்டு. அவர் புனித கொன்சாலோ கார்சியா.

மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் மேற்கு ரயில் பாதையில் வடக்கு நோக்கிப் பயணம் செய்தால் வசாய் என்னும் ஊரை அடையலாம். 1534-இல் போர்ச்சுக்கீசியர் வசம் வந்த இவ்வூர், பின்னர் அவர்களுடைய வடக்கு மாகாணத்தின் தலைநகராக விளங்கியது. 1739-இல் சிமாஜி அப்பா தலைமையில் வந்த மராத்தியப் படை அதனைக் கைப்பற்றியது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை கோட்டைச் சுவர்களும், கூரையிழந்த தேவாலயங்களும், சிதைந்த மாளிகைகளுமே. செல்வத்தின் நிலையாமையைச் சொல்லாமல் சொல்லும் அந்த ஊரில், ஏறத்தாழ 1557-ஆம் ஆண்டில், போர்ச்சுக்கீசியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் மகனாகக் கொன்சாலோ பிறந்தார்.

இயேசு சபைத் துறவிகளிடம் கல்வி பயின்ற அவர், இளமையிலேயே அவர்களுடன் ஜப்பானுக்குச் சென்றார். அந்நாட்டு மொழியை விரைவில் கற்றுத் தேர்ந்து, மக்களுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். அச்சபையிலேயே துறவியாக வேண்டும் என்பது அவரது வேட்கை. ஆனால் எவ்வளவோ காத்திருந்தும் அவர் சபையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. நல்ல நோக்கத்துடன் தட்டிய கதவு திறக்காதபோது மனம் சோர்வது இயல்பு. கொன்சாலோவும் அங்கிருந்து விலகி வணிகத்தில் இறங்கினார்.

அந்தத் துறையில் அவருக்குத் தோல்வி நேரவில்லை. மொழியறிவும் மக்களிடம் பெற்றிருந்த நன்மதிப்பும் அவருக்குத் துணைநின்றன. கீழைக் கடல்நாடுகளில் அவரது வாணிபம் தழைத்தது. ஆயினும் பழைய வேட்கை அடங்கவில்லை. வணிகர் எப்பொருளுக்கும் விலை மதிப்பிடப் பழகியவர். தாம் சேர்த்தவற்றையும் அவ்வாறே மதிப்பிட்டுப் பார்த்தார். மரணத்தின் வாயில்வரை மட்டுமே உடன்வரக்கூடிய பொருளுக்காக வாழ்நாள் முழுவதையும் விலையாகக் கொடுப்பது நட்டமான வியாபாரம் என்று அவருக்குப் புலப்பட்டது.

1580-களின் பிற்பகுதியில் அவர் பிலிப்பைன்ஸின் மணிலா நகரில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அச்சபையை நிறுவிய அசிசி நகரப் புனித பிரான்சிஸும் துணி வணிகரின் மகனாகப் பிறந்து, ஏழ்மையை விரும்பி ஏற்றவர் என்பது இங்கு எண்ணத்தக்கது. கொன்சாலோ குருப்பட்டம் பெறவில்லை. எளிய சகோதரராகவே வாழ்ந்தார். செல்வத்தைத் துறந்த அவர் தம் மொழியறிவை மட்டும் உடன் கொண்டுவந்தார். கொடுக்கக் கொடுக்கக் குறையாத அச்செல்வமே இறைப்பணிக்குப் பயன்பட்டது.

1593-இல் பிலிப்பைன்ஸ் ஆளுநரின் தூதராக பேத்ரோ பாப்டிஸ்டா என்னும் பிரான்சிஸ்கன் துறவி ஜப்பானுக்கு அனுப்பப்பட்டபோது, கொன்சாலோ மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றார். அப்போது ஜப்பானை ஆண்டவர் தொயோதோமி ஹிதேயோஷி. தேநீர் அருந்துவதற்கென்றே பொன்தகடு வேய்ந்த அறையை அமைத்துக்கொண்டவர் அவர். முரட்டு அங்கி அணிந்த அந்தச் சகோதரர் அவர்முன் நின்று இருதரப்பினரின் சொற்களையும் எடுத்துரைத்தார். பின்னர் துறவிகள் கியோட்டோவில் தேவாலயம் எழுப்பித் தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனையும் நடத்தினர்.

1596 அக்டோபரில், மணிலாவிலிருந்து மெக்சிகோவுக்குச் சென்ற சான் பெலிப்பே என்னும் ஸ்பானியக் கப்பல் புயலில் சிக்கி ஜப்பானின் தோசா கடற்கரையில் ஒதுங்கியது. அதிலிருந்த பெருமதிப்புள்ள சரக்கை ஹிதேயோஷி பறிமுதல் செய்தார். சமயப் பணியாளர்களைத் தொடர்ந்து ஸ்பெயினின் படைகள் வரும் என்னும் பொருள்படக் கப்பலைச் சேர்ந்த ஒருவர் பேசியதாகச் செய்தி பரவியது. அரசரின் ஐயமும் சினமும் துறவிகள்மேல் திரும்பின. சரக்கையும் கப்பலையும் என்றோ துறந்துவிட்ட கொன்சாலோவை, யாருடையதோ ஒரு சரக்குக் கப்பலைச் சுற்றி எழுந்த பகை பலிகொள்ளவிருந்தது.

1597 ஜனவரியில் கியோட்டோவில் 24 பேரின் இடது காது சிதைக்கப்பட்டது. பின்னர் அவர்கள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். கடுங்குளிரில் ஏறத்தாழ ஒரு மாதப் பயணம். வழியில் மேலும் இருவர் சேர்க்கப்பட, எண்ணிக்கை 26 ஆயிற்று. அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர். பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேரும் சிலுவையில் பிணைக்கப்பட்டு ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டனர். கொன்சாலோவுக்கு அப்போது ஏறத்தாழ நாற்பது வயது.

1627-இல் அருளாளர் என்றும், 1862-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரால் புனிதர் என்றும் அவர் அறிவிக்கப்பட்டார். இந்திய மண்ணில் பிறந்தவர்களுள் கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே. 1962-இல் நிஷிசாகா குன்றில் அந்த 26 பேருக்கும் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. வசாயிலும் தேவாலயமும் கல்லூரியும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றன.

கொன்சாலோ கார்சியாவின் கிடங்குகளில் எவ்வளவு பொருள் இருந்தது என்பது இன்று யாருக்கும் தேவைப்படவில்லை. ஹிதேயோஷி கைப்பற்றிய சரக்கும் காலத்தில் கரைந்துபோயிற்று. பூச்சி அரிக்காத, துரு ஏறாத, திருடர் அணுக முடியாத செல்வம் எதுவோ அதையே அவர் தமக்கெனச் சேர்த்தார். நாள்தோறும் வரவு செலவு பார்க்கும் இல்லறத்தாரும் சில வேளைகளில் இக்கணக்கையும் பார்ப்பது நல்லது. ஈட்டுவதில் குற்றமில்லை, ஈட்டியது நம்மை எங்கே கொண்டுசேர்க்கிறது என்பதை மறவாதிருத்தலே விவேகம்.