முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

குழந்தைகளே! காரின் வெளிப்பக்கத்தில், ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். பின்னால் வரும் வண்டியைக் காட்டும் கண்ணாடி அது. அந்தக் காலத்துப் பந்தயக் கார்களில் இது உள்ளங்கை அகலத்தில் வட்டமாக இருக்கும். அப்படிப்பட்ட பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள், கண்ணாடி கெட்டுப்போனால் கடையில் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிட விரும்புவதில்லை. காரோடு பிறந்த அந்தக் கண்ணாடியையே சரிசெய்யப் பார்ப்பார்கள்.

அது லேசான வேலை அல்ல. துருப்பிடித்த திருகாணிகளை எண்ணெய் விட்டு ஊறவைத்துத்தான் கழற்ற வேண்டும். கண்ணாடியின் முதுகில் உள்ள வெள்ளிப்பூச்சு ஈரம் பட்டுக் கறுத்திருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி பூச வேண்டும். சுற்றியுள்ள உலோக வளையத்தில் பழைய முலாமை எடுத்துவிட்டு முதலில் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோமியம் என்று ஏற்ற வேண்டும். பழைய இங்கிலாந்துக் காரின் மரை ஒரு விதம், ஜெர்மன் காரின் மரை வேறு விதம். ஒன்றின் திருகாணி மற்றொன்றில் ஏறாது. எதை எங்கிருந்து கழற்றினோம் என்று குறித்து வைக்காதவர் கதி அதோகதிதான்.

நம் புதுச்சேரிக் குழந்தைகளுக்கு இது எளிதில் புரியும். 2014-ல் இடிந்து விழுந்த கடற்கரை மேரி கட்டடத்தை, பழைய வடிவம் மாறாமல் மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்களே! அதே மாதிரி வேலைதான் இதுவும்.

இப்படிப் பிரித்துப் பார்த்து, பழையபடி பூட்டுகிற வித்தையைத் தன் சொந்தக் காசைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தான் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது அவருடைய முழுப்பெயர். 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, கோவைக்கு அருகில் உள்ள கலங்கல் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடினார் என்று கூடச் சொல்வார்கள். (இத்தனை வருடம் வாத்தியாராக இருந்த எனக்கு இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது!) ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. ஆனால், தோட்டத்தில் வேலை செய்துகொண்டே கிடைத்த புத்தகங்களை எல்லாம் தானாகப் படித்தார்.

ஒருநாள் அந்த வழியாக வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இழுக்கவில்லை, குதிரை இழுக்கவில்லை, காலால் மிதிக்கவும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடுகிறது! நடுவழியில் அது நின்றுபோக, அதிகாரி இறங்கி ஏதோ சரிசெய்து மீண்டும் கிளப்பிக்கொண்டு போனார். பக்கத்தில் நின்று பார்த்த துரைசாமிக்கு அன்று முதல் வேறு நினைப்பே இல்லை.

கோயம்புத்தூருக்கு நடந்தே போனார். ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சம்பளத்தைச் செலவழிக்காமல் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அதே அதிகாரியைத் தேடிப் போய், அந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார் தெரியுமா? பகுதி பகுதியாகக் கழற்றிப் போட்டுவிட்டார்!

யோசித்துப் பாருங்கள். மூன்று வருட உழைப்பு தரையில் சிதறிக் கிடக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லை. ஒரு சின்னத் திருகாணி இடம் மாறினாலும் அத்தனை பணமும் பழைய இரும்புதான். ஆனால் அவர் ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மறுபடி பூட்டினார். வண்டி ஓடியது. துரைசாமி மெக்கானிக் ஆனார்.

அதற்குப் பிறகும் வழி நேராக இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழில் செய்து நிறையச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கி அதை இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பியவருக்குக் கை கொடுத்தவர் கோவையின் பெரிய வணிகரான ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. அவர் கடனாகத் தந்த 4,000 ரூபாயோடு தன் பணத்தையும் சேர்த்து ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். நிறுவனம் ஆனது. 1933-ல் அதனிடம் 280 பஸ்கள் இருந்தன!

பஸ் முதலாளியாக அவர் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. பயணச்சீட்டு தரும் கருவி செய்தார். ஜெர்மனி வரை போய் வந்து, மின்கலத்தில் இயங்கும் ‘ரசாந்த்’ என்ற சவரக் கருவியை உருவாக்கினார். 1937-ல் டி.பாலசுந்தரம் என்பவரோடு சேர்ந்து, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். குறைந்த விலை ரேடியோ, பழச்சாறு பிழியும் கருவி, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்திச் செடி என்று அவர் கை வைக்காத துறையே குறைவு.

பள்ளியை விட்டு ஓடிய அதே மனிதர் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையம் தொடங்கத் துணை நின்றார். இரண்டே ஆண்டில் சொல்லித் தரக்கூடியதை நான்கு ஆண்டுகள் இழுப்பது மாணவர்களின் நேரத்தை வீணாக்குவது என்பது அவர் கட்சி. அரசு ஒப்பவில்லை. முதல்வர் பதவியை விட்டு விலகிவிட்டார். இந்த விஷயத்தில் எனக்கு அவரோடு முழுச் சம்மதம் இல்லை. சில பாடங்கள் மெதுவாகத்தான் மண்டையில் ஏறும். ஆனால் கையால் செய்து பார்க்காத படிப்பு நிலைக்காது என்று அவர் நம்பியது சரிதான்.

அவருடைய கார்க் கதைதான் மனதை உறுத்துகிறது. 1952-ல் இரண்டு பேர் உட்காரக்கூடிய சிறிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்தான். அந்த நாட்களில் பெரிய தொழிற்சாலையில் எதைத் தயாரிப்பதென்றாலும் அரசின் உரிமம் வேண்டும். நாயுடுவின் காருக்கு அது கிடைக்கவில்லை. கார் அதோடு நின்றுபோனது. நடுத்தரக் குடும்பங்கள் ஆசையாக வாங்கிய சின்ன மாருதி கார் 1983-ல்தான் வந்தது. நடுவில் 31 வருடங்கள்! அதுவரை எத்தனை அப்பாக்கள் குடும்பத்தையே ஒரு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்திருப்பார்கள்!

ஜி.டி.நாயுடு 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி காலமானார். 2025-ல் கோவை அவினாசி சாலையில் திறக்கப்பட்ட பத்து கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே சாலையில் அவர் குடும்பத்தார் 2015-ல் திறந்த கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. பல நாட்டுப் பழைய கார்களைச் சீர்செய்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கோவைக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு காரிலும் பக்கக் கண்ணாடி எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று கவனியுங்கள். கார்ல் பென்ஸ் 1886-ல் ஓட்டிய மூன்று சக்கரக் காரின் மாதிரியும் அங்கே உண்டு. அதில் மட்டும் கண்ணாடியைத் தேடாதீர்கள். பின்னால் துரத்தி வர அப்போது வேறு கார் ஏது?