தாமஸ் எர்ஸ்கின்

தாமஸ் எர்ஸ்கின் (ஜனவரி 10, 1750 - நவம்பர் 17, 1823) ஸ்காட்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற வழக்கறிஞரும் அரசியல்வாதியும் ஆவார். 1806 முதல் 1807 வரை பிரித்தானியாவின் லார்டு சான்சலராகப் பதவி வகித்தார். மக்களின் வெறுப்புக்கும் அரசின் சினத்துக்கும் ஆளானவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் வழக்கறிஞரின் உதவி மறுக்கப்படலாகாது என்ற கொள்கை வேரூன்ற இவரது பணி துணைசெய்தது.

இளமை

எர்ஸ்கின் எடின்பரோ நகரில், பக்கன் பிரபுவின் மூன்றாவது மகனாகப் பிறந்தார். குடும்பம் பழம்பெருமை மிக்கதாயினும் செல்வ வளம் குன்றியிருந்தது. இதனால் இளம் வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். பின்னர் தரைப்படையில் அதிகாரியானார். 1770 இல் பிரான்செஸ் மூர் என்பவரை மணந்தார். படையில் முன்னேற்றத்துக்கு வழியில்லை என்று கண்டு, 1775 இல் இலண்டனிலுள்ள லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். 1778 ஜூலையில் பாரிஸ்டராகப் பதிவு பெற்றார்.

முதல் வழக்கு

அதே ஆண்டில் இவருக்குக் கிடைத்த முதல் வழக்கே இவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. கிரீனிச்சில் ஓய்வுபெற்ற கடற்படையினருக்கான மருத்துவ இல்லம் ஒன்று இருந்தது. அதன் துணை ஆளுநர் கேப்டன் தாமஸ் பெய்லி, அங்கு நடந்த முறைகேடுகளை அச்சிட்டு வெளியிட்டார். இதற்காக அவர்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. பெய்லிக்காகத் தோன்றிய வழக்கறிஞர் பலருள் எர்ஸ்கினே இளையவர். முறைகேடுகளுக்குப் பொறுப்பானவர் கடற்படைத் துறைத் தலைவர் சாண்ட்விச் பிரபுவே என்று இவர் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அந்தப் பிரபு இவ்வழக்கில் தரப்பினர் அல்லர் என்று தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு எச்சரித்தும் இவர் பின்வாங்கவில்லை. பெய்லி வெற்றி பெற்றார். அன்றே பல வழக்குகள் எர்ஸ்கினைத் தேடி வந்தன.

1780 இல் இலண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. அது தொடர்பாக லார்டு ஜார்ஜ் கார்டன்மீது இராசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. 1781 பெப்ரவரியில் நடந்த விசாரணையில், கார்டனுக்குத் துரோக நோக்கம் இருந்ததாக நிறுவப்படவில்லை என்று எர்ஸ்கின் வாதிட்டு விடுதலை பெற்றுத் தந்தார்.

ஜூரிகளின் உரிமை

அக்காலத்தில் அரசை நிந்திக்கும் எழுத்துகள் தொடர்பான வழக்குகளில் ஜூரிகளுக்கு மிகக் குறைந்த அதிகாரமே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நூலை வெளியிட்டாரா என்பதை மட்டுமே அவர்கள் முடிவு செய்யலாம். எழுத்து குற்றமுடையதா என்பதை நீதிபதியே தீர்மானிப்பார் என்று நீதிமன்றங்கள் கருதின.

1784 இல் செயின்ட் அசாப் பேராலயத் தலைவர் வில்லியம் ஷிப்லிமீது இத்தகைய வழக்கு நடந்தது. அவர் வெளியிட்ட சிறுநூலை எழுதியவர் வில்லியம் ஜோன்ஸ். இவரே பின்னர் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய கீழ்த்திசை அறிஞர். ஷிப்லி நூலை வெளியிட்ட குற்றத்தை மட்டுமே செய்தவர் என்று ஜூரிகள் கூறினர். மட்டுமே என்ற சொல்லை நீக்கித் தீர்ப்பைப் பதிவு செய்ய நீதிபதி புல்லர் முயன்றார். அச்சொல் பதிவாக வேண்டும் என்று எர்ஸ்கின் வற்புறுத்தினார். அமருமாறு நீதிபதி கடிந்து எச்சரித்தும் இவர் பணியவில்லை. இறுதியில் குற்றச்சாட்டே குறைபாடுடையது என்று கூறி உயர் மன்றம் தண்டனை விதிக்காமல் விட்டது. 1792 இல் சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, இத்தகைய வழக்குகளில் முழுமையான தீர்ப்பு வழங்கும் உரிமை ஜூரிகளுக்குக் கிடைத்தது.

தாமஸ் பெய்ன் வழக்கு

1792 இல் மனித உரிமைகள் என்ற நூலுக்காகத் தாமஸ் பெய்ன்மீது அரசு வழக்குத் தொடுத்தது. பெய்ன் அப்போது பிரான்சில் இருந்தார். எர்ஸ்கின் அச்சமயம் வேல்ஸ் இளவரசரின் தலைமை வழக்கறிஞராக இருந்தார். வழக்கை ஏற்கவேண்டாம் எனப் பலர் வற்புறுத்தியும் இவர் ஏற்றுக்கொண்டார்.

ஒருவர் குற்றவாளியா என்பதை வழக்கறிஞரே முன்கூட்டி முடிவு செய்து வழக்கை மறுத்தால், அவர் நீதிபதியின் இடத்தை எடுத்துக்கொள்கிறார் என்பது இவரது வாதம். புகழ்பெற்ற வழக்கறிஞர் ஒருவர் மறுப்பதே குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றுபோல் ஆகிவிடும் என்றும் இவர் கருதினார். உண்மையைக் கண்டறிவது ஜூரிகளின் பணி. ஒரு தரப்பின் நியாயம் முழுமையாக அவர்களைச் சென்றடையச் செய்வது வழக்கறிஞரின் பணி என்பதே இதன் சாரம்.

இவ்வழக்கில் எர்ஸ்கின் தோற்றார். அரசுத் தரப்பின் பதிலுரைக்கும் காத்திராமல் ஜூரிகள் பெய்னைக் குற்றவாளி என்றனர். இளவரசரிடம் வகித்த பதவியையும் இவர் இழந்தார்.

1794 இராசத் துரோக வழக்குகள்

பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரிய இயக்கத்தினர் பலர் 1794 இல் கைது செய்யப்பட்டனர். முதலில் விசாரிக்கப்பட்டவர் தாமஸ் ஹார்டி என்னும் செருப்புத் தொழிலாளி. அவர் சிறையிலிருந்தபோது அவர் மனைவி இறந்துபோனார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மரண தண்டனை உறுதி. எர்ஸ்கினும் விகாரி கிப்ஸும் எதிர்வாதம் செய்தனர். அரசின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த எர்ஸ்கின், சீர்திருத்தம் கோருவது அரசரைக் கொல்லச் சதி செய்வது ஆகாது என்று வாதிட்டார். நவம்பர் 5 அன்று ஹார்டி விடுதலையானார். அடுத்து விசாரிக்கப்பட்ட ஹார்ன் டூக், ஜான் தெல்வால் ஆகியோரும் விடுதலை பெற்றதால் எஞ்சியோர் மீதான வழக்குகளை அரசு கைவிட்டது.

திருப்பி அனுப்பிய வழக்கு

எர்ஸ்கின் எப்போதும் எதிர்வாதிகள் பக்கமே நின்றவர் அல்லர். பெய்னின் மற்றொரு நூலான பகுத்தறிவு யுகத்தை விற்ற தாமஸ் வில்லியம்ஸுக்கு எதிராக 1797 இல் வாதாடி வென்றார். தண்டனை அறிவிக்கப்படுமுன், வில்லியம்ஸின் மனைவியையும் நோயுற்ற குழந்தைகளையும் வறுமை மிக்க நிலையில் நேரில் கண்டார். இரக்கம் காட்டுமாறு வழக்குத் தொடுத்த சங்கத்தினரைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் மறுக்கவே, வழக்கிலிருந்து விலகினார். வில்லியம்ஸுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஹாட்பீல்டு வழக்கு

1800 மே 15 அன்று துரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி ஜேம்ஸ் ஹாட்பீல்டு என்பவர் சுட்டார். அவர் போரில் தலையில் கடுங்காயமுற்ற முன்னாள் படைவீரர். அறிவு முற்றிலும் அழிந்தவரே மனநோயாளி என்ற அக்காலக் கருத்தை மறுத்த எர்ஸ்கின், பிற செயல்களில் தெளிவாக இருப்பவரும் பொய்த்தோற்ற நம்பிக்கையால் செயல்படக்கூடும் என்று விளக்கினார். ஹாட்பீல்டு மனநோயாளி என்ற அடிப்படையில் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். இத்தகையோரைக் காவலில் வைப்பதற்கான சட்டம் அவ்வாண்டே இயற்றப்பட்டது.

பிற்கால வாழ்வு

பாராளுமன்றத்தில் எர்ஸ்கினின் பேச்சு நீதிமன்றத்தில் பெற்ற வெற்றியைப் பெறவில்லை. தற்பெருமை மிக்கவர் என்றும் இவர் எள்ளப்பட்டார். 1806 இல் லார்டு சான்சலராகிப் பிரபுப் பட்டம் பெற்றார். ஆயினும் அம்மன்றத்துக்குரிய சட்டத்தில் இவருக்குப் போதிய பயிற்சி இல்லை. 1807 இல் அமைச்சரவை விலகியபோது பதவி நீங்கினார். 1809 இல் விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்க இவர் கொண்டுவந்த மசோதா பிரபுக்கள் அவையில் நிறைவேறியது. மக்கள் அவையில் தோல்வியுற்றது. அத்தகைய சட்டம் 1822 இல் நடைமுறைக்கு வந்ததைக் காணும்வரை இவர் வாழ்ந்திருந்தார். 1823 நவம்பர் 17 அன்று ஸ்காட்லாந்திலுள்ள ஆல்மண்டெல்லில் காலமானார்.