வழக்கறிஞர் ஆகாத ராஜரத்தினம்

ஜனவரி மாதத்தில் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும், தேக்கா நிலையத்தின் உணவுக்கடைகளில் ஒரே மாதிரியான பேச்சு பல மேசைகளில் கேட்கும். பரோட்டாத் தட்டுக்கு முன்னால் மாணவர் அமர்ந்திருப்பார். எதிரே பெற்றோர், பக்கத்தில் மாமாவோ குடும்ப நண்பரோ இருப்பார். தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, எந்தப் பாடம், அதைப் படித்தால் என்ன வேலை என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பதில் தெரியாத மாணவர் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே மாணவர் பத்தாண்டுகளாகப் பள்ளியில் காலைதோறும் நெஞ்சில் கைவைத்துத் தேசியப் பற்றுறுதியைச் சொல்லி வந்திருப்பார். அதை எழுதியவர் சட்டம் படிக்கக் கப்பலேறிச் சென்று, பட்டம் பெறாமலேயே திரும்பி வந்தவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம்தான் அவர். 2006ஆம் ஆண்டு அவர் காலமானபோது இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் பிறந்திருக்கவில்லை. ஆனால், இன்று அந்த மேசையில் எழும் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்த சிறுவன்

ராஜரத்தினம் 1915 பிப்ரவரி 25ஆம் தேதி யாழ்ப்பாணத்தின் வட்டுக்கோட்டையில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அவருடைய தந்தை ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தார். சிரம்பான் வட்டாரத்தில் வளர்ந்த ராஜரத்தினம், அங்குள்ள செயின்ட் பால்ஸ் பள்ளியிலும் கோலாலம்பூரின் விக்டோரியா கல்விநிலையத்திலும் பின்னர் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்விநிலையத்திலும் படித்தார்.

அக்கால மலாயாவில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்களுக்குக் கல்விதான் முதலீடு. ஆங்கிலம் படித்தவர்களுக்கு ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர் வேலை கிடைத்தது. அதற்கும் மேலே ஏற வேண்டுமானால் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ ஆக வேண்டும். ஒரு பிள்ளையை லண்டனுக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். அப்படிப்பட்ட எதிர்பார்ப்புடன்தான் 1930களின் நடுப்பகுதியில் ராஜரத்தினம் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சட்டம் படிக்க அனுப்பப்பட்டார்.

போர் மறித்த படிப்பு

லண்டனில் அவருடைய மனம் சட்டப் புத்தகங்களைவிட மற்றப் புத்தகங்களிலேயே அதிகம் தங்கியது. அரசியல், வரலாறு, பொருளியல், இலக்கியம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். பேரரசுகளின் ஆட்சியை எதிர்த்த ஆசிய, ஆப்பிரிக்க இளையர்களின் கூட்டங்களும் விவாதங்களும் அந்நகரில் நடந்துகொண்டிருந்தன. ஒரு நாடு இன்னொரு நாட்டை ஏன் ஆள வேண்டும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

1939ல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவிலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. குடும்பத்துடன் இருந்த தொடர்பும் அறுந்தது. சட்டப் படிப்பு முற்றுப்பெறவில்லை. குண்டுகள் விழுந்த ஒரு நகரில், கையில் பட்டமும் இல்லாமல், ஊரிலிருந்து பணமும் வராமல் அவர் பிழைக்க வேண்டியிருந்தது.

அப்போது கைகொடுத்தது, யாரும் சொல்லாமல் தாமாகவே செய்துவந்த எழுத்துதான். பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளும் சிறுகதைகளும் எழுதினார். ஆற்றங்கரையில் புலியை எதிர்கொள்ளும் கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றிய அவருடைய கதை, பிற்காலத்தில் பல தொகுப்புகளில் இடம்பெற்றது. வறட்சி, பசி, கிராமத்து மனிதர்கள் ஆகியோரைப் பற்றி எழுதிய அந்த இளையரை எழுத்துலகில் சிலர் கவனிக்கத் தொடங்கினர். அவர்களில் ஒருவர் அப்போது பிபிசி வானொலியின் கிழக்குப் பிரிவில் பணியாற்றிய எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். அதன்வழி அவருக்கு வானொலிக்கு எழுதும் வாய்ப்பும் கிடைத்தது.

லண்டனில்தான் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த பிரோஸ்கா ஃபெஹெரை அவர் சந்தித்தார். 1943ல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

போர் முடிந்தபின் 1947ல் அவர் மலாயா திரும்பினார். அப்போது அவருக்கு வயது 32. வழக்கறிஞராகத் திரும்புவார் என்று அனுப்பப்பட்ட மகன், பட்டம் இல்லாமல், எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதியுடன் வந்து நின்றார். அண்டை வீட்டார் கண்ணுக்கு அது தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும். அந்த நிலையில் பலர் கிடைத்த அலுவலக வேலையில் அமர்ந்திருப்பார்கள். ராஜரத்தினம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்.

நாளிதழ் மேசையில்

சிங்கப்பூரில் ‘மலாயன் டிரிபியூன்’ நாளிதழில் சேர்ந்தார். 1950ல் தொடங்கப்பட்ட ‘சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்’ நாளிதழுக்கு மாறினார். 1954ல் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ அவரை ஏற்றுக்கொண்டது. காலனித்துவ ஆட்சியைக் கேள்விகேட்ட அவருடைய பத்திகள் வாசகர்களிடையே பேசப்பட்டன. அது அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்த காலம். விசாரணை இன்றித் தடுத்துவைக்கும் அதிகாரம் அரசாங்கத்திடம் இருந்தது. அரசியல் எழுதுவது ஆபத்தில்லாத தொழிலன்று.

1952ல் அஞ்சல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய தொழிற்சங்கத்தின் சட்ட ஆலோசகர், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய இளம் வழக்கறிஞரான லீ குவான் யூ. தொழிலாளர்களின் நியாயத்தை நாளிதழில் எடுத்துச் சொன்னவர் ராஜரத்தினம். கோ கெங் சுவீயின் மூலம் அறிமுகமான இருவரும் அந்தப் போராட்டத்தில் நெருங்கினர். வழக்கறிஞர் பேச்சுவார்த்தையில் வாதிட, பத்திரிகையாளர் பொதுமக்கள் கருத்தைத் திரட்ட, வேலைநிறுத்தம் தொழிலாளர்களுக்குச் சாதகமாக முடிந்தது.

இந்த நிகழ்வைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ராஜரத்தினம் திட்டமிட்டபடி வழக்கறிஞராகி இருந்தால், அந்தக் குழுவில் இன்னொரு வழக்கறிஞராக இருந்திருப்பார். அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருந்தனர். பொருளியல் அறிந்தவரும் இருந்தார். சாதாரண மனிதருக்குப் புரியும் சொற்களில் ஒரு நாட்டைப் பற்றிப் பேசக்கூடியவர்தான் தேவைப்பட்டார். அந்த இடத்தை ராஜரத்தினம் நிரப்பினார். 1954 நவம்பரில் விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சி தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் ஒருவராகவும் இருந்தார்.

கம்போங் கிளாமும் அமைச்சரவையும்

1959ல், 44 வயதில், நிலையான நாளிதழ் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் வரும் கம்போங் கிளாம்தான் அவருடைய தொகுதி. அத்தொகுதியை 1988 வரை அவரே பிரதிநிதித்தார்.

முதலில் அவருக்குக் கிடைத்தது கலாசார அமைச்சர் பொறுப்பு. வெவ்வேறு மொழி பேசிய, வெவ்வேறு ஊர்களைத் தாய்நாடாக நினைத்த மக்களை ஒரே நாட்டவர் என்று உணரவைப்பது அந்த அமைச்சின் வேலை. எல்லா இனத்தவரின் ஆடலும் பாடலும் ஒரே மேடையில் இடம்பெறும் கலைநிகழ்ச்சிகளைத் திறந்தவெளிகளில் நடத்தினார். சிங்கப்பூரின் கொடி, சின்னம், கீதம் ஆகியவை 1959 டிசம்பரில் அறிமுகமானதும் அவருடைய பதவிக்காலத்தில்தான்.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் தனிநாடானது. ராஜரத்தினம் வெளியுறவு அமைச்சரானார். அமைச்சையே புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 21ஆம் தேதி, சிங்கப்பூர் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உறுப்பினரானது. 1967 ஆகஸ்ட் 8ஆம் தேதி பேங்காக்கில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஆசியான் அமைப்பைத் தொடங்கியபோது, சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் அவரே.

இவற்றுக்கு நடுவில், 1966ல், மாணவர்கள் சொல்வதற்கு ஒரு பற்றுறுதி வேண்டும் என்று கல்வி அமைச்சு கருதியது. முதலில் தயாரான வரைவுகள் அவருடைய பார்வைக்கு வந்தன. அவர் அதைப் புதிதாக எழுதினார். இனம், மொழி, சமயம் என்ற வேறுபாடுகளைத் தாண்டி ஒன்றுபடுவது என்ற எண்ணம் அதில் மையமாக அமைந்தது. லீ குவான் யூ அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஏறத்தாழ 500,000 மாணவர்கள் அதைச் சொல்லத் தொடங்கினர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் சிங்கப்பூர் இனக் கலவரங்களைக் கண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சில வரிகள் எவ்வளவு பெரிய வேலையைச் செய்ய வேண்டியிருந்தது என்பது புரியும்.

கொடுத்த விலை

ராஜரத்தினத்தின் பாதையில் இழப்பும் இருந்தது. சிங்கப்பூர் திரும்பிய பிறகு அவர் சிறுகதை எழுதுவதைக் கைவிட்டார். லண்டனில் பெயர் பெறத் தொடங்கிய கதாசிரியர், நாளிதழ் வேலையிலும் அரசியலிலும் கரைந்துபோனார். அந்தக் கதைகளும் வானொலி நாடகங்களும் ஒரே நூலாக வெளிவந்தது 2011ல்தான். அதைக் காண அவர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பத்திரிகையாளராக இருந்து ஆட்சியாளர்களைக் கேள்விகேட்டவர், ஆட்சியில் அமர்ந்தபின் பத்திரிகைகள் மீது அரசாங்கம் விதித்த கட்டுப்பாடுகளை ஆதரித்தார் என்ற விமர்சனம் அவர்மீது இருந்தது. பிடித்த துறைக்குள் வந்துவிட்டால் சிக்கல்கள் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

1980 வரை வெளியுறவு அமைச்சராகவும், அதன்பின் இரண்டாம் துணைப் பிரதமராகவும், மூத்த அமைச்சராகவும் பணியாற்றி 1988ல் அரசியலிலிருந்து ஓய்வுபெற்றார். 2006 பிப்ரவரி 22ஆம் தேதி காலமானார். மூன்று நாள் கழித்து, அவருடைய 91வது பிறந்தநாளன்று, அரசாங்க மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக ஆய்வுக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பட்டப்படிப்பை முடிக்காதவரின் பெயரால் அமைந்த கல்லூரியில் இன்று பலர் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறுகின்றனர்.

மேசைக்குத் திரும்புவோம்

படிப்பைப் பாதியில் விட்டாலும் முன்னேறலாம் என்பதற்கு ராஜரத்தினத்தை உதாரணம் காட்டுவது தவறு. அவர் படிப்பை விரும்பி விடவில்லை. போர் அதை மறித்தது. அதோடு, லண்டனில் கழித்த ஆண்டுகளில் அவர் வாசித்த அளவுக்கு வாசிப்பவர்கள் பட்டதாரிகளிலும் குறைவு. பட்டம் கைக்கு வரவில்லை என்றாலும் உழைப்பு குறையவில்லை.

அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது வேறு. செய்தியாளர், கலாசார அமைச்சர், வெளியுறவு அமைச்சர் என்று அவருடைய பதவிகள் மாறின. அவர் செய்த வேலை அதிகம் மாறவில்லை. சிக்கலான ஒன்றைப் படித்துப் புரிந்துகொண்டு, மற்றவர்களுக்கும் புரியும்படி சொற்களில் வைப்பதையே அவர் எங்கும் செய்தார். நாளிதழில் அது பத்தியானது, பள்ளியில் பற்றுறுதியானது, ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் உரையானது. அந்தத் திறன் அவருக்கு இருந்ததைக் காட்டியது எந்தத் தேர்வு முடிவும் அன்று. யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில் அவர் திரும்பத் திரும்பச் செய்த காரியம்தான் அதைக் காட்டியது.

ஆகவே, என்ன ஆகப் போகிறாய் என்ற கேள்விக்குப் 16 வயதில் பதில் தெரியவில்லை என்றால் அது குற்றமாகாது. அதைவிட எளிதான வேறு கேள்வியில் தொடங்கலாம். வீட்டுப்பாடம் முடிந்த பிறகு எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை? நண்பர்கள் எந்த உதவிக்காக உங்களைத் தேடி வருகிறார்கள்? எந்த வேலையில் தவறு செய்தாலும் மறுபடி முயலத் தோன்றுகிறது? ஒரு மாதம் குறித்துவைத்தால் ஒரு வடிவம் தெரியும். அந்தக் குறிப்புடன் பள்ளியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரைச் சந்தித்தால், வெறுங்கையோடு போவதைவிடப் பயனுள்ள உரையாடல் நடக்கும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. சேமிப்பைக் கரைத்துப் பிள்ளையைப் படிக்கவைப்பவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. அடுத்த முறை தேக்காவில் அந்த மேசையில் அமரும்போது, எந்தப் பாடத்துக்கு என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஆண்டு நீயாக எதைக் கற்றுக்கொண்டாய் என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். தேநீர்க் குவளையிலிருந்து மாணவரின் கண் மேலே எழக்கூடும்.